படுத்துப் பார்த்து வாங்கிய மெத்தை

கடையில் எதை வாங்கினாலும் முதலில் சொன்ன விலைக்கு நான் வாங்கியதில்லை. என் கணவர் செபஸ்தியனுக்கு இது பெரிய தலைவலி. நான் பேரம் பேச வாயைத் திறந்ததுமே அவர் கடைக்கு வெளியே போய், சாலையில் போகிற வண்டிகளை எண்ணுகிறவர் மாதிரி நின்றுகொள்வார். இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டுக்குச் சாமான் வந்து சேர்ந்தது இப்படித்தான். மெத்தை விஷயத்தில் மட்டும் என் சாமர்த்தியமே எனக்கு வினையாகிவிட்டது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செபஸ்தியன் பேக்டரி பஸ் ஓட்டுகிறார். காலை நாலே முக்காலுக்கு எங்கள் ஊர் ரெங்கத்தில் வண்டியை எடுத்தால், வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போய், முப்பத்தெட்டுப் பேரை செனாயில் ஒரு பேக்டரி வாசலில் இறக்கிவிட வேண்டும். இரவு வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பி, வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். சாயங்காலம் மறுபடியும் அதே ஓட்டம். ஆகவே அவருடைய தூக்கம் இரண்டு துண்டு. இரவில் ஒரு துண்டு, பகலில் ஒரு துண்டு. நான் குளுவாங்கில் ஒரு பிஸ்கட் பேக்டரியில் பேக்கிங் வேலை செய்கிறேன். ஆறரைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவேன். அவருடைய பகல் தூக்கத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

எங்கள் பழைய மெத்தைக்குப் பதிமூன்று வயது. நடுவில் குழி விழுந்துவிட்டது. எந்த ஓரத்தில் படுத்தாலும் இரண்டு பேரும் குழிக்குள் உருண்டு வந்துவிடுவோம். விடியும்போது யார் கை, யார் கால் என்று பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். கல்யாணமான புதிதில் என்றால் பரவாயில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "மொதல்ல மெத்தையை மாத்துங்க. சரியா தூங்காத ஆளு பஸ் ஓட்டக்கூடாது."

அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. இருட்டோடு நெடுஞ்சாலையில் அவர் போகிறார். பின்னால் முப்பத்தெட்டுப் பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள். இவர் ஒரு நொடி கண்ணசந்தால் என்ன ஆகும்?

மெத்தை தேடும் படலம் தொடங்கியது. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பேரங்காடிக்குப் போனோம். விலைச் சீட்டைப் பார்த்த செபஸ்தியன், "இதுல படுத்தா தூக்கம் வராது, கடன் ஞாபகந்தான் வரும்" என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் எல்வின் போனில் ஒரு படம் அனுப்பினான். மெத்தை பெட்டிக்குள் சுருட்டி வருமாம், உறையை வெட்டினால் ஊதிப் பெரிதாகுமாம். "நான் படுத்திருக்கும்போது திரும்பவும் சுருட்டிக்கிட்டா என்னா செய்யறது?" என்று கேட்டு அதையும் ஒதுக்கிவிட்டார். பாலோவில் ஒரு கடையில் தேங்காய் நார் மெத்தை மலிவாகக் கிடைத்தது. நான் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குச் சிமெண்டுத் தரையே தேவலாம் போலிருந்தது.

கடைசியில் குளுவாங்கில் கட்டில், மெத்தை விற்கும் ஒரு பழைய கடைக்குப் போனோம். அங்கே காளிதாஸ் என்பவர் இருபது வருடமாக விற்பனை பார்க்கிறார். லாரியும் அவரே ஓட்டுவார். என் வயதிருக்கும், இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் வழக்கம்போல் வரிசையாக ஒவ்வொரு மெத்தையையும் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனேன்.

"அக்கா, கையால அமுக்கிப் பார்க்கிறதுக்கு இது மாம்பழமா? செருப்ப கழட்டிட்டு ரெண்டு பேரும் படுங்க."

"கடையில எப்படிப் படுக்கிறது? ஆளுங்க வர்றாங்க, போறாங்க."

"கண்ணாடி போட்டுப் பார்க்காம யாராவது கண்ணாடி வாங்குவாங்களா? படுங்கண்ணே."

செபஸ்தியன் வெட்கத்தோடு ஏறிப் படுத்தார். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் கோத்து, காலை நேராக நீட்டி, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட வேண்டியதுதான் பாக்கி. "அப்படி இல்லண்ணே. வீட்ல எப்படிப் படுப்பீங்களோ அப்படிப் படுங்க" என்று காளிதாஸ் அவரை ஒருக்களிக்கச் சொன்னார். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாக நுழைந்தது. "இது உங்களுக்கு ஆகாது. ரொம்ப கெட்டி" என்று அடுத்ததுக்குக் கூட்டிப் போனார். அதில் இடுப்பு அமிழ்ந்தது. அது விலை கூடின மெத்தை. அதையும் வேண்டாம் என்று அவரே சொன்னார். விற்கிற ஆளே விலை கூடினதை வேண்டாம் என்கிறாரே என்று எனக்குச் சந்தேகம்கூட வந்தது.

மூன்றாவது மெத்தை சுவரோரம் இருந்தது. துணியின் பூவேலை போன வருடத்து மாதிரி என்பதால் விலையைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதில் செபஸ்தியன் தானாகவே ஒருக்களித்துப் படுத்தார். காளிதாஸ் இடுப்படியில் கையை விடப் பார்த்தார், நுழையவில்லை. "இருங்க, பத்து நிமிஷம் படுத்தாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் தலையணை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால், மனிதர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதமாக இராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தவர், கடை விளக்கு வெளிச்சத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் தூங்குகிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுப்பப் போன என்னைக் காளிதாஸ் தடுத்துவிட்டு, காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அரை மணி நேரம் கழித்து அவரே எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்.

கண்ணீர் ஒரு பக்கம், பேரம் ஒரு பக்கம். நூற்றைம்பது வெள்ளி குறைத்து, இரண்டு தலையணையும் இனாமாக வாங்கினேன். பணம் கட்டும்போது காளிதாஸ், "பத்து வருஷம் வாரண்டி அக்கா. ஆனா கறை பட்டா வாரண்டி செல்லாது. அதனால மேல போடறதுக்கு இந்தத் துணி உறையை வாங்கிக்குங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்குத் தனி விலை. கடைசி நேரத்தில் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. "அதெல்லாம் எங்களுக்கு பார்த்துக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? மெத்தையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே இல்லை. அதன் மேலேயே விரிப்பைப் போட்டுவிட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், காரின் சீட்டுக்குப் பிளாஸ்டிக், சோபாவுக்குப் பிளாஸ்டிக். விருந்தாளி வந்து உட்கார்ந்தால் சறுக்கிக்கொண்டு போவார். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் என்றால் உறையைப் பிரிக்கக் கூடாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். மெத்தை கடையிலிருந்து வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்தார் வந்து தட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை, "எப்படிங்க இருந்துச்சு?" என்றேன்.

"சூப்பர்மா" என்றார் செபஸ்தியன்.

எனக்கு மட்டும் இரவில் முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் வேறு. விரிப்பு நழுவிக் காலடியில் சுருண்டு கிடக்கும். வியர்ப்பதெல்லாம் வயசுக் கோளாறு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் கேட்டபோது, "எனக்கும் சூப்பர்தான்" என்றேன். ஆசை ஆசையாக வாங்கிய பொருளைப் பற்றி நானே குறை சொல்வதா?

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சாந்தினி வேலியோரம் வந்து நின்றாள். செனாய் பேக்டரியில்தான் அவளுக்கும் வேலை, தினமும் காலையில் செபஸ்தியன் பஸ்ஸில் போகிறவள். "அந்தப் பொண்ணு இப்பல்லாம் எனக்குப் பின்னாடியே உட்கார்ந்துகிட்டு வாயே மூட மாட்டேங்குது" என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். என் கணவரோடு விடியற்காலையில் இவளுக்கு அப்படி என்ன பேச்சு என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"என்னம்மா சாந்தினி, பஸ்ல ரேடியோவே வேணாமாமே. நீயே போதுமாமே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. சொல்லலாமா வேணாமான்னு தெரியாம இருந்தேன். நான் பேசாம வந்தா அண்ணன் தூங்கிருவாருன்னு பயமா இருக்கு."

என் கையிலிருந்த துணி கையிலேயே இருந்தது.

"கண்ணாடியில பார்த்தேன் அண்ணி. கண்ணு சொருகுது. போன வாரம் வியாழக்கிழமை டிராபிக் லைட்ல பச்சை விழுந்திருச்சு, வண்டி நகரல. நான்தான் தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் தண்ணி குடுக்கிறேன், மிட்டாய் குடுக்கிறேன், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கிட்டே போறேன். புது மெத்தை வாங்கினீங்கல்ல அண்ணி, அண்ணன் தூங்கறாரா இல்லையா?"

அவளை நாலு வார்த்தை கேட்க நினைத்திருந்த நான், "நல்ல வேளைம்மா" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றிரவு அவரிடம் கேட்டேன். "நல்லாத்தாம்மா தூங்கறேன்" என்றார். மறுநாள் பூசையில் முழங்காலில் நின்றபோதும் எனக்கு அந்தப் பச்சை விளக்கைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். செபஸ்தியன் கூடத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், ஒரு துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கிடந்தார். கண் மூடவில்லை. ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அறையில் மெத்தை நான் காலையில் விரித்தது விரித்தபடி இருந்தது.

"இதுதான் நீங்க தூங்கற லட்சணமா?"

அவர் பிடிபட்ட பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தார். "ராத்திரியில அதுல படுக்கறேன்ல. பகல்ல கொஞ்சம் சூடா இருக்கு, அதான்."

எனக்குக் கோபம் வந்தால் ஆள் தெரியாது. கடையில் அரை மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிய மனிதர், வீட்டில் அதே மெத்தையில் தூங்க முடியாமல் தரையில் கிடக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? மெத்தையை மாற்றி அனுப்பிவிட்டார்கள். விலை குறைத்ததற்குப் பழிவாங்கிவிட்டார்கள். காளிதாஸைப் போனில் பிடித்து, ஏமாற்றுக்காரர் என்பதில் தொடங்கி, பஸ்ஸில் போகும் முப்பத்தெட்டுப் பேர் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பது வரை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் "வீட்ல இருங்கக்கா, வரேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் லாரி வாசலுக்கு வந்தது. பின்னால் பாலோவுக்குப் போக வேண்டிய அலமாரிகள் ஏற்றியிருந்தன. பாலோ ஒரு திசை, ரெங்கம் ஒரு திசை. எனக்காக எதிர்ப்பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அந்தக் கோபத்திலும் எனக்கு உறைத்தது.

அறைக்குள் வந்த காளிதாஸ் மெத்தையின் மேல் கையை வைத்தார். சரசரவென்று சத்தம் கேட்டது. விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, பிளாஸ்டிக் ஏன் இன்னும் இருக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, கறை பட்டா வாரண்டி செல்லாதுன்னு."

அவர் சிரித்திருக்கலாம். நான் போனில் பேசிய பேச்சுக்கு நாலு வார்த்தை திருப்பியும் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "என் தப்பும் இருக்கு. பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கணும், அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன்" என்றார். "உள்ள காத்து போகாதுக்கா. வேர்வை அப்படியே நிக்கும், ஒடம்பு கொதிக்கும். மேல வழுக்குறதால அண்ணன் ராத்திரி பூரா இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் படுத்திருப்பாரு. கடையில அண்ணன் தூங்கினது மெத்தையில. இங்க ரெண்டு பேரும் படுத்தது பிளாஸ்டிக்குல."

கத்தியை எடுத்து ஓரத்தில் ஒரு கீறல் போட்டார். பிளாஸ்டிக்கை உரிக்க உரிக்க, அதன் மேல்பக்கமெல்லாம் பிசுபிசுவென்று ஈரம். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த ஈரத்தில் இரண்டு வாரமாக ஒரு வலிக்காரரைப் படுக்க வைத்திருக்கிறேன் என்பது நெஞ்சை அறுத்தது.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று செபஸ்தியனைக் கேட்டேன்.

அவர் வாசல்படியில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துப் பேசினார். "நீ எவ்வளவு அலைஞ்சு வாங்கினே. வந்தவங்ககிட்டயெல்லாம் காட்டி எவ்வளவு சந்தோஷப்பட்டே. அதைப் போய் எப்படிம்மா குறை சொல்றது?" பிறகு நிமிர்ந்து, "நீயும் தூங்கலையே. நீ எந்திரிச்சு உட்கார்ந்து முந்தானையால விசிறிக்கிட்டது எனக்குத் தெரியாதா?" என்றார்.

இரண்டு பேரும் மாறி மாறிச் சூப்பர் சூப்பர் என்று பொய் சொல்லியிருக்கிறோம். நான் என் பெருமைக்காகச் சொன்னேன். அவர் எனக்காகச் சொன்னார். அந்த வித்தியாசம் புரிந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காளிதாஸ் லாரியிலிருந்து அந்தத் துணி உறையைக் கொண்டுவந்து மெத்தைக்குப் போட்டார். காற்றும் போகும், கறையும் படாது என்றார். விலை கேட்டேன், சொன்னார். எண்ணிக் கையில் கொடுத்துவிட்டேன். வெளியே போய் நிற்பதற்காகத் திரும்பிய செபஸ்தியன், பேரம் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"போன்ல பேசினதுக்கு மன்னிச்சிருங்க தம்பி" என்றேன்.

"அட விடுங்கக்கா. அண்ணனுக்காகத்தானே சத்தம் போட்டீங்க. எனக்காக இப்படிச் சத்தம் போட ஆள் இருந்தா நான் சந்தோஷப்படுவேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பாலோவில் காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார். அவசரமாக ஒரு டப்பாவில் சோறும் மீன் குழம்பும் கட்டிக் கையில் திணித்தேன். லாரி தெருமுனை திரும்புவதற்குள் செபஸ்தியன் போய்ப் படுத்துவிட்டார். மூன்றரை மணிக்கு நானே தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்ப மனசே வரவில்லை. அன்று முழுவதும் மாதாவுக்கு நன்றி, காளிதாஸுக்கு நன்றி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனாலும் மனதின் ஓரத்தில் அந்தப் பச்சை விளக்கு அணையவில்லை. "நல்லாத் தூங்கறேன்மா" என்று அவர் சொல்வதை இனி எப்படி நம்புவது? ஏற்கனவே சொன்னவர்தானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தினி வேலியோரம் வந்தாள். இந்த முறை நான்தான் அவளைத் தேடி ஓடினேன்.

"அண்ணன் எப்படிம்மா ஓட்டறாரு?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தாள். "தெரியல அண்ணி. செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு வந்தேன், நல்லா முழிச்சுக்கிட்டுதான் ஓட்டினாரு. இந்த ரெண்டு நாளா ஏறி உட்கார்ந்ததும் நானே தூங்கிர்றேன். பேக்டரி வாசல் வந்து அண்ணன் கூப்பிட்டாதான் முழிப்பு வருது."

இத்தனை நாள் தன் தூக்கத்தை விட்டு என் கணவரைக் காத்தவள், அவரை நம்பித் திரும்பவும் தூங்கத் தொடங்கிவிட்டாள். வேலிக்கு மேலே எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அலமாக், இதுக்கெதுக்கு அண்ணி அழுவுறீங்க?" என்றாள். நன்றி என்ற வார்த்தையைப் பக்கத்து வீட்டாரிடம் நான் இதற்கு முன் சொன்னதாக நினைவில்லை. அவளிடம் சொன்னேன்.